ஒரு வரிக்கு ஒரு மீசை

எங்கள் ஊரில் மலைக்கு அடுத்தபடியாக அதிகம் போட்டோ எடுக்கப்பட்டது ஒரு மீசை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டிபன் கடை. போர்டில் கடைப் பெயர் கிடையாது. கறுப்புப் பெயிண்டில் ஒரு பெரிய மீசை மட்டும் வரைந்திருக்கும், இரண்டு முனையும் மேலே சுருண்டு. அதன் ஒரிஜினல் கல்லாவில் நிற்பவரின் மூக்குக்குக் கீழே இருக்கும். ஊரே அதை மீசைக் கடை என்றுதான் சொல்லும். வெள்ளைக்காரர்கள் முதலில் மீசையைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தோசையைத் தொடுவார்கள்.

அந்தக் கடைக்குப் பக்கத்தில் நான் ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிறேன். மொத்தம் எட்டு வண்டி. அதில் ஆறுக்கு பிரேக் பிடிக்கும். மீதி இரண்டைத் தியானம் பண்ண வந்தவர்களுக்குக் கொடுப்பேன், அவர்களுக்கு அவசரம் இருக்காது. என் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால், பத்தாவதை இரண்டு தடவை எழுதினேன், ஆக மொத்தம் இருபதாவது வரைக்கும் படித்தவன் என்று சொல்வேன். இரண்டு தடவையும் பாஸாகவில்லை என்பதை அவர்கள் கேட்டால்தான் சொல்வேன்.

மீசைக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. காலையில் அவர் கடையில் நாலு இட்லி, நாள் முழுக்க அவரையே கிண்டல். இதுதான் எங்கள் உறவு.

அண்ணன் வீட்டில் பேசுவது தெலுங்கு. பல தலைமுறையாகக் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கும் குடும்பம். எழுதப் படிக்க யாருக்கும் தெரியாது, பேச்சு மட்டும் உண்டு. அந்தத் தெலுங்கில் பாதிக்கு மேல் நம் தமிழ்தான். இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. அவர்களைப் பார்த்தால் அண்ணனுக்குக் கல்லாவில் கால் நிற்காது. தானே இலையைப் போட்டு, ஆசை ஆசையாகத் தெலுங்கில் விசாரிப்பார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டு, "பரவாயில்லங்க, தமிழ்லயே சொல்லுங்க, எங்களுக்குப் புரியும்" என்பார்கள்.

அப்போதெல்லாம் அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் சும்மா இருப்பேனா?

"இன்னாண்ணே, உன் தெலுங்க அவங்க வெளிநாட்டு பாஷைன்னு நெனச்சிக்கினாங்களா?"

"போடா, உனக்கு ஒரு பாஷையும் உருப்படியா வராது. நீ பேச வந்துட்ட."

போன வருஷம் அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு தெலுங்கு சினிமாக் கம்பெனி ஊருக்கு வந்து இறங்கியது. பழைய காலத்து ராஜசபைக் கவி ஒருவருடைய வாழ்க்கைக் கதை என்றார்கள். ஒவ்வொரு ராஜாவிடமும் போய்ப் பாட்டுப் பாடி, அங்கே இருக்கிற புலவர்களையெல்லாம் வாதத்தில் மண்ணைக் கவ்வ வைத்து, பொன்னும் பட்டும் வாங்கி, அத்தனையையும் தின்றே தீர்த்தவராம். கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நடந்தே ஒரு சின்ன ராஜாவின் சபைக்கு வருகிறார். அந்த ராஜா அவரை மறக்காமல், பெரிய விளக்கு ஏற்றி வரவேற்கிறார். அந்த சீனுக்குப் பின்னால் எங்கள் மலை தெரிய வேண்டுமாம். அதனால் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிய ஒரு நிலத்தில் அரண்மனை கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல். நான் ஒரு தூணில் சாய்ந்தேன், தூணும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது.

கம்பெனியின் உதவி டைரக்டர் ஒல்லியான பையன். தினமும் மீசைக் கடையில்தான் சாப்பிடுவான். சபையில் உட்கார நூற்றைம்பது பேர் வேண்டும் என்று அவன் சொன்னதும் நான் ஆள் பிடிக்க ஆரம்பித்தேன். மல்லாட்டை பிடுங்கிய ஜனங்களே பட்டு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பஜாரில் டெய்லர் கடை வைத்திருக்கும் பாய்க்கு மந்திரி வேஷம். அவருடைய வெள்ளைத் தாடியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு மந்திரியாக்கிவிட்டார்கள். எனக்கு என்ன வேஷம் தெரியுமா? வித்துவான். கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டை, கையில் ஓலைச்சுவடி. என் பள்ளிக்கூட வாத்தியார் யாராவது அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் அங்கேயே ராஜினாமா எழுதியிருப்பார்.

அந்த சபையில் கவியைத் தவிர ஒரே ஒருவனுக்குத்தான் வசனம். வாசலில் கோலைத் தட்டிவிட்டு, கவி வருகிறார் என்று அறிவிக்கிற கட்டியக்காரன். அதற்கு ஹைதராபாத்திலிருந்து வர வேண்டியவருக்கு வயிற்றுப்போக்கு. உதவி டைரக்டர் பொங்கலைப் பிசைந்துகொண்டே புலம்பினான்.

நான் கல்லாவைக் காட்டினேன். "எதுக்கு ஹைதராபாத்? இதோ நிக்குறாரு பாரு. தாய்மொழி தெலுங்கு. தொண்டையப் பாத்தியா? இங்க நின்னு 'ஒரு ரவா'ன்னு கத்துனா மலைக்கு அந்தப் பக்கம் ரவா ஊறும்."

உதவி டைரக்டர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு வரியைச் சொல்லச் சொன்னான்.

"கவிராஜுகாரு விச்சேஸ்துன்னாரு! பஹு பராக்!"

கவியரசர் எழுந்தருளுகிறார், எல்லாரும் கவனியுங்கள் என்று அர்த்தம். அண்ணன் வீட்டுத் தெலுங்கில் இதையே 'வஸ்தா உண்டாரு' என்பார்கள், வந்துகொண்டிருக்கிறார் என்று. அண்ணன் சாம்பார்க் கரண்டியைக் கோலாக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டி, சபைத் தெலுங்கிலேயே முழங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆந்திராக் குடும்பம் ஒன்று கையைத் தட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பௌர்ணமி நாலு நாள் முன்னாலேயே வந்த மாதிரி இருந்தது.

"ஓகே அண்ணா. ஆனா ஒரு விஷயம்" என்றான் உதவி டைரக்டர். "மீசம் தீசேயாலி. மீசை எடுக்கணும்."

அண்ணன் கை மீசைக்குப் போனது.

"எதுக்கு?"

"ஹீரோகாரு மீசை சின்னது அண்ணா. ஹீரோ மீசைய விடப் பெரிய மீசை ஃபிரேம்ல இருக்கக் கூடாது. அது ரூல்."

அண்ணன் அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டே கல்லாவில் நின்றார். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போனார். சலூன்காரர் கத்தியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். "வூட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நீ எடு."

"எனக்கு மனசு வரலைங்க. நாளைக்கு ஊர்ல யாராவது என்னைக் கேட்டா?"

"என் மீசைக்கு ஊரு இன்னாய்யா கேக்குறது? எடு!"

எடுத்தார். கண்ணாடியில் இருந்தது யாரோ ஒரு கணக்கு வாத்தியார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அண்ணன் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். கீழே விழுந்ததை சலூன்காரர் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீடு வேங்கிக்கால் புது நகரில். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அண்ணி கதவைத் திறந்து, "யாருங்க வேணும்? அவரு இன்னும் வரலைங்க" என்று சொல்லிச் சாத்தப் போனாங்க.

"நான்தான்டி!"

அண்ணி ஒரு நிமிஷம் பார்த்தாங்க. குரல் தெரிந்ததா, செருப்பு தெரிந்ததா தெரியவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாங்க. பிறகு என்னைப் பார்த்தாங்க. "இது உன் வேலைதான? உன் மொகத்தப் பாத்தாலே தெரியுது."

"சினிமாவுக்கு அண்ணி. வசனமே இருக்குது."

"எத்தினி வசனம்?"

"ஒண்ணு."

"ஒரு வசனத்துக்கு ஒரு மீசையா?" அண்ணி எழுந்தாங்க. "இங்க பாருங்க, அந்த ஒண்ணு மட்டும் படத்துல வரல, மீசை வளர்ற வரைக்கும் உங்கம்மா வூட்ல போய் இருங்க. எதுர் வூட்டுக்காரம்மா ஜன்னல்ல நின்னு பாக்குறா. எவனோ ஒரு ஆம்பளைய வூட்டுக்குள்ள விடறேன்னு நாளைக்குத் தெருவுல பேசுவா."

மறுநாள் கடையில் இன்னும் மோசம். பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடை கை மாறிடுச்சாங்க?" என்று கேட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "புது மாஸ்டருங்களா? பழையவரு கைப்பக்குவம் உங்களுக்கு வரல" என்று சொல்லிவிட்டே போனார். சாம்பார் அதே சாம்பார். ஒரு வெள்ளைக்காரம்மா போர்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி தோளில் தட்டினாள்.

அண்ணன் எதையும் கண்டுகொள்ளவில்லை. வசனம் இருந்தது அவருக்கு. ஆறு நாள் அந்தக் கடையில் எல்லாமே எழுந்தருளியது. "ரெண்டு பொங்கல் விச்சேஸ்துன்னாரு! வடகாரு விச்சேஸ்துன்னாரு! பஹு பராக்!" சப்ளையர் தட்டோடு ஓடுவான். எனக்கும் அந்த வரி மனப்பாடம் ஆகிவிட்டது. பத்தாவது பாடத்தையும் யாராவது இட்லியோடு சேர்த்துக் கத்தியிருந்தால் நான் பாஸாகியிருப்பேன்.

இப்போது ஷூட்டிங்குக்கு வருகிறேன். தவறு எங்கே நடந்தது என்று கேட்டால், அந்த ஆர்ட் டைரக்டரைத்தான் சொல்வேன். ராஜா ஏற்றுகிற விளக்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறார். கார்த்திகைக்கு மலை உச்சிக்குத் தூக்கிப்போகும் எங்கள் தீபக் கொப்பரையின் போட்டோவைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி ஒன்று செய்துவிட்டார். ஆள் உயரம். அதைக் கொண்டுபோய் அரண்மனை முற்றத்தில் வைத்தார்கள். பின்னால் மலை. மலைக்கு மேலே வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கிற பத்து நிமிஷத்தில்தான் ஷாட். அதாவது சாயங்காலம் ஆறு மணி.

கொப்பரை, மலை, ஆறு மணி. எங்கள் ஊர்க்காரர்கள் நூற்றைம்பது பேர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கார்த்திகை தீபத்தன்று ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரில் எவன் எங்கே நின்றாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கத்துவான். மற்றவர்களுக்குத் தும்மல் எப்படியோ எங்களுக்கு அது அப்படி. என் தெருவில் கரண்ட் போய் வந்தால்கூட ஒருவர் கையைத் தூக்குவார்.

முதல் நாள். ராஜா சிம்மாசனத்தில், பாய் பக்கத்தில் மந்திரியாக, நான் சுவடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வித்துவானாக. அண்ணன் வாசலில் வெள்ளிக் கோலோடு நிற்கிறார். ஜரிகைத் தலைப்பாகை. மீசை இல்லாவிட்டாலும் சும்மா சொல்லக் கூடாது, ஆள் கம்பீரமாகத்தான் இருந்தார். விளக்கு எரிந்ததும் அவர் கோலைத் தட்டி வசனம் சொல்ல வேண்டும், கவி உள்ளே வர வேண்டும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும்.

ஆக்‌ஷன் என்றார்கள். ராஜா தீவட்டியை நீட்டினார். கொப்பரை குபுக்கென்று பற்றியது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

நூற்றைம்பது பேரும், இரண்டு கையும் தலைக்கு மேலே. ராஜசபை எழுந்து நின்றது. ராணியின் தோழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் வாயைத் திறந்து என்னவோ சொன்னார், யாருக்குக் கேட்டது?

உதவி டைரக்டர் தலைதெறிக்க ஓடி வந்தான். "ஏமண்டி இது? யாரு அரோகரா சொன்னது?"

எல்லாரும் பக்கத்து ஆளைக் காட்டினார்கள்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே அவன் எங்களுக்குப் பாடம் எடுத்தான். இது ராஜசபை, கோயில் இல்லை. இது அடுப்பு மாதிரி ஒரு நெருப்பு, தீபம் இல்லை. கத்தினால் சாயங்காலம் டிபன் கிடையாது. நெருப்பில்லாமல் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். ஊசி விழுந்தால் கேட்கும். நான்கூட எழுந்து, "யோவ், எவனாவது வாயத் தொறந்தீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன். ஒருத்தரு மீசைய எடுத்துட்டு நிக்குறாரு, ஞாபகம் வச்சிக்குங்க" என்று சபைக்கு உபதேசம் செய்தேன். அண்ணன் தூரத்திலிருந்து என்னைப் பாசமாகப் பார்த்தார்.

ஆறு மணி. தீவட்டி. குபுக்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

முதல் குரல் மந்திரியுடையது. அதைவிடப் பெரிய குரல் ஒன்று என் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. அது என்னுடையது. சுவடி எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை.

உதவி டைரக்டர் மந்திரியின் முன்னால் வந்து கையைக் கூப்பினான். "பாய், நீங்ககூடவா?"

"நான் இன்னாப்பா பண்றது?" பாய் தாடியைத் தடவினார். "பொறந்ததுல இருந்து வருஷா வருஷம் மொட்டை மாடியில நின்னு பாக்குறேன். நெருப்பப் பாத்ததும் அதுவா வந்துடுச்சு. எங்க வாப்பாவுக்கும் வரும்."

பெரிய குடைக்குக் கீழே டைரக்டர் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். உதவி டைரக்டரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னார். அவன் அண்ணனிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான். நாளைதான் இந்த செட்டில் கடைசி நாள். நாளைக்கும் கத்தினால் அந்த இடத்தில் வசனமே கிடையாது, நாதஸ்வரத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். கட்டியக்காரன் தேவையில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கிண்டல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அது எனக்கே புதுசு.

"ஏண்ணே, கோவமா?"

"உன் மேல இன்னா கோவம். நீயும் தெரிஞ்சா கத்துன?" அவரே தொடர்ந்தார். "நான் பேசுனா எல்லாரும் சிரிப்பாங்கடா. வூட்டுக்குள்ள பேசுற பாஷை, வெளிய எடுத்தா சிரிப்பு. ராஜா சபையில ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நேரா நின்னு பேசிடலாம்னு பாத்தேன். மீசை கெடக்குது, அது வளரும்."

நான் அந்த ரோட்டில் இருந்த எல்லாப் பள்ளத்திலும் வண்டியை இறக்கினேன், பதில் சொல்லாமல் இருக்க.

மறுநாள் காலை பஜாரில் பாய் கடைக்குப் போனேன், சாயங்காலத்துக்குள் எல்லாரையும் ஊமையாக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்க. பாய் அப்போதுதான் ஒரு பீடாவை வாய்க்குள் தள்ளியிருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் "ம்ம்", "ம்ஹும்" என்று தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து "ம்ம்" என்றார், வைத்துவிட்டார். நான் பாயைப் பார்த்தேன். அவர் கன்னத்தைப் பார்த்தேன். மண்டைக்குள் கொப்பரை பற்றிக்கொண்டது.

உதவி டைரக்டர் இதைக் கேட்டதும் என்னைக் கட்டிப்பிடித்தான். டைரக்டருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பழைய காலத்து சபை, தாம்பூலம் போடாத பிரபு உண்டா என்றாராம். இரண்டு பெரிய கூடை நிறைய வெற்றிலை வந்தது. அதோடு பாக்கு, சுண்ணாம்பு. அஞ்சே முக்காலுக்கு நூற்றைம்பது பேரும் குதப்ப ஆரம்பித்தோம். சட்டம் ஒன்றே ஒன்று: கட் சொல்லும் வரை துப்பக் கூடாது, முழுங்கவும் கூடாது. ராஜாவுக்குக்கூட ஒரு சின்ன பீடா கொடுத்தார்கள், அவரும் எங்களோடு இரண்டு நாள் பழகியவர் என்பதால்.

கட்டியக்காரனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவருக்கு வசனம் இருக்கிறதே.

ஆறு மணி. தீவட்டி. குபுக்.

நூற்றைம்பது ஜோடிக் கைகள் தலைக்கு மேலே போயின. அதைத் தடுக்க எந்த வெற்றிலையும் இல்லை. ஆனால் சத்தம்? ஒரு சின்ன முனகல்கூட இல்லை. நெருப்பு படபடக்கிறது, பின்னால் மலை நீலமாக நிற்கிறது, ஒரு சபையே கையை உயர்த்தி வாயை மூடி நிற்கிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. டைரக்டர் குடைக்குக் கீழே எழுந்து நின்றுவிட்டார்.

அத்தனை பேரும் வாசலைப் பார்த்தோம். ஒரே ஒரு குரலுக்காகத்தான் அந்த அமைதி. அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். வெள்ளிக் கோலைத் தரையில் ஓங்கித் தட்டினார். நெருப்பைப் பார்த்தார்.

"அண்ணாமலையாருக்கு...!"

தொண்டை என்றால் அதுதான் தொண்டை. மலையில் மோதித் திரும்பி வந்தது.

நீங்களே சொல்லுங்கள், அப்படி ஒருவன் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?

"அரோகரா!"

நூற்றைம்பது வாய் வெற்றிலையோடு. அதற்குப் பிறகு அங்கே வெள்ளையாக எதுவும் இல்லை. ராணியின் பட்டு, மந்திரியின் தாடி, முன்வரிசைத் தளபதியின் முதுகு. ராஜாவும் சேர்ந்து கத்தியிருக்கிறார், அவர் மார்புக் கவசத்திலேயே அதற்குச் சாட்சி இருந்தது. கவி அந்தச் சமயம் பார்த்து உள்ளே வந்தார். போர்க்களத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றார், பிறகு வந்த வழியே போய்விட்டார்.

டைரக்டர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம். மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். சிரித்து முடித்து, பேக் அப் என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். சிவப்பு வாயோடு ஆறுதல் சொல்ல முடியாது என்பதால் முதலில் வாய் கொப்பளித்தேன்.

"ரெண்டு நாளா நீங்க கத்துனீங்க. மூணாவது நாள் நான்" என்றார். "ஆறு நாளா வடைக்கெல்லாம் சொன்னேன்டா, சரியா வந்துச்சு."

"வடை எரியலையேண்ணே."

முறைத்தார். அப்புறம் கொஞ்சமாக உதடு கோணியது. அந்த இடத்தில் மீசை இருந்திருந்தால் நான் அதைப் பார்த்திருக்க முடியாது.

அம்மா வீட்டுக்கு அவர் போக வேண்டியிருக்கவில்லை. நடந்ததை அண்ணி கேட்டுவிட்டு, முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாங்க, பிறகு பொத்தவில்லை. எதிர் வீட்டுக்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். ஆனால் படம் வரட்டும், பார்க்கிறேன் என்று அண்ணி கெடுவை மட்டும் தள்ளிவைத்தாங்க.

படம் வந்தது. அதற்குள் மீசை முக்கால்வாசி வளர்ந்துவிட்டது. எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம் தெலுங்கிலேயே போட்டார்கள். முதல் நாள் சபையே வந்திருந்தது: பாய் குடும்பத்தோடு, மல்லாட்டைக்காரப் பிரபுக்கள் பிள்ளை குட்டிகளோடு. அண்ணன் நடுவில், ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் நான்.

இரண்டு மணி நேரம் அந்தக் கவி பாடினார், வாதாடினார், சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சாப்பிட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. கடைசியில் எங்கள் மலை தெரிந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தார். விளக்குப் பற்றியது. சபை வாயை மூடிக் கையை உயர்த்தியது. அந்த மூன்றாம் நாள் ஷாட்டையேதான் வைத்திருந்தார்கள். அடுத்து அண்ணன் முகம். திரை முழுக்க! மீசை இல்லாத அந்த முகம், பத்தடி உயரத்துக்கு. வாய் திறந்தது. ஸ்பீக்கரில் யாரோ ஒருவருடைய கனத்த குரல் சபைத் தெலுங்கில் கவியை அறிவித்தது. உதடு அண்ணாமலையாரைக் கூப்பிடுகிறது, குரல் கவிராஜுவைக் கூப்பிடுகிறது.

"அய்யே, இது உங்க கொரலே இல்லியே!" என்றாங்க அண்ணி, தியேட்டருக்கே கேட்கிற மாதிரி.

அண்ணன் எழுந்து நின்றார். சுற்றிப் பார்க்கவில்லை. கையில் கோல் இல்லாததால் காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "கவிராஜுகாரு வஸ்தா உண்டாரு! பஹு பராக்!" சபைத் தெலுங்கில் இல்லை, அவர் வீட்டுத் தெலுங்கில், முழுத் தொண்டையில்.

அதே நொடியில் தியேட்டர் முழுக்கக் கை உயர்ந்தது. திரையில் நெருப்பு எரிகிறதே! "அண்ணாமலையாருக்கு அரோகரா!" முதல் குரல் பாயுடையது என்று நான் சத்தியம் செய்வேன்.

மறுபடியும் யாருக்கும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அந்தப் பக்கம் இருந்த அண்ணிக்கும்தான் கேட்டது. அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாங்க. கையைப் பிடித்து உட்கார வைத்தாங்க, அந்தக் கையை விடவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். "டேய், நான் சொன்னது கேட்டுச்சா?"

எழுத்துக்கு எழுத்து கேட்டிருந்தது. ஆனால் நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். "எங்கண்ணே, ஒரே சத்தம். இன்னா சொன்ன?"

அவர் அங்கேயே வண்டி ஸ்டாண்டில் நின்று இன்னொரு தடவை சொன்னார். டிக்கெட் கிழிக்கிறவர் திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை. அண்ணி பின்னால் உட்கார, அண்ணன் வண்டியை எடுத்தார். நான் இன்னொரு வண்டியில் பக்கத்திலேயே போனேன், அது பிரேக் பிடிக்காத வண்டி. வேங்கிக்கால் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும், "சரியாக் கேக்கலண்ணே!" என்று நான் கத்தினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கவிராஜு வந்துகொண்டே இருந்தார். வீட்டு வாசலில் அண்ணி இறங்கி, "போதும், கவி வந்துட்டாரு. சாவிய எடுங்க" என்றாங்க.